பேக்ஹேண்டை மாற்றிக்கொண்டவர்கள்

டென்னிஸ் சொல்லிக்கொடுக்கும் பழைய கையேடுகளில் பேக்ஹேண்ட் அடிக்கும்போது இடது கைக்கு ஒரே ஒரு வேலைதான். ராக்கெட்டின் கழுத்தைப் பிடித்துப் பின்னால் கொண்டுபோக வேண்டும். அடி ஆரம்பித்ததும் விட்டுவிட வேண்டும். (கட்டுரை முழுக்க வலது கைக்காரரை வைத்தே எழுதுகிறேன். இடது கைக்காரர்கள் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளவும்.) இன்றைக்கு ஏதாவது ஒரு பயிற்சி மைதானத்துக்குக் காலையில் போய்ப் பாருங்கள். ஆறு வயசுப் பிள்ளைகள் ஏறக்குறைய எல்லாரும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அடிப்பார்கள். “இடது கைதான் அடிக்கணும், வலது கை சும்மா கூட வரணும்” என்று கோச் கத்திக்கொண்டிருப்பார். ஐம்பது அறுபது வருஷத்தில் ஒரு அடியின் இலக்கணமே தலைகீழாகப் புரண்டுவிட்டது.

இது எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ளக் கொஞ்ச நாளாகப் பழைய ஆட்டங்களின் ஒளிப்பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆட்டக்காரர்களின் வாழ்க்கைக் கதைகளையும் புரட்டினேன். எனக்குத் தோணியது இதுதான்: பேக்ஹேண்டைத் திருத்தி ஜெயித்தவர்கள் யாரும் ‘சரியான’ அடியைத் தேடிப் போகவில்லை. திருப்பி அடிக்க முடியாத ஏதோ ஒரு பந்து ஒவ்வொருவருக்கும் இருந்தது. அந்தப் பந்தை யாரோ ஒருவர் அவர்களுக்குத் திரும்பத் திரும்பப் போட்டார். அதற்கு விடை தேடப்போய்த்தான் புது அடி வந்தது. அந்த விடைக்கு ஒரு விலையும் இருந்தது. சிலர் அதை உடனே கொடுத்தார்கள், சிலருக்குப் பத்து வருஷம் கழித்து பில் வந்தது.

‘பின்கை வீச்சு’ என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன். மைதானத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. பேக்ஹேண்ட் என்றே இருக்கட்டும்.

முதலில் இந்த அடி ஏன் கஷ்டம் என்று பார்த்துவிடலாம். ஃபோர்ஹேண்டில் கை, மார்புக்குக் குறுக்கே முன்னால் வருகிறது. கல்லெறிவது, அறைவது எல்லாம் இந்தத் திசையில்தான். மார்புத் தசைகள் பெரியவை, வேலையைச் செய்துவிடும். ஒற்றைக் கை பேக்ஹேண்டில் கை உள்ளேயிருந்து வெளியே விரிகிறது. தோளின் பின்பக்கத்துச் சின்னத் தசைகளும், மணிக்கட்டைப் பின்னால் மடக்குகிற முன்கைத் தசைகளும்தான் ராக்கெட்டைத் தாங்க வேண்டும். பந்து இடுப்பு உயரத்தில் வந்தால் பிரச்சினை இல்லை. உடம்பின் திருப்பமும் எடையும் சேர்ந்து உதவும். அதே பந்து தோள் உயரத்துக்கு எழும்பிவிட்டால், கை தனியாக அந்தரத்தில் நிற்கும். பின்னால் உதவிக்கு ஆள் கிடையாது.

ஆனால் பழைய காலத்தில் பந்து அவ்வளவு உயரம் எழும்பாது. நான்கு பெரிய போட்டிகளில் மூன்று (விம்பிள்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா) புல்தரையில் நடந்தன. புல்லில் பந்து வழுக்கிக்கொண்டு தாழ்வாக வரும். அதைக் கீழ்நோக்கி வெட்டி, பின்சுழற்சியோடு திருப்பி அனுப்புகிற ஸ்லைஸ் போதுமானதாக இருந்தது. பேக்ஹேண்ட் என்றாலே தற்காப்பு. பந்தைத் திருப்பிப் போட்டுவிட்டு ஃபோர்ஹேண்டுக்குக் காத்திருக்கிற இடம் அது.

அந்தத் தற்காப்பால் முதலில் அடிவாங்கிய பெரிய ஆள் பில் டில்டன். 1919 அமெரிக்கச் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம். எதிரே பில் ஜான்ஸ்டன். ஆள் குள்ளம், அதனால் ‘லிட்டில் பில்’. உயரமான டில்டன் ‘பிக் பில்’. ஜான்ஸ்டன் செய்தது எளிமையான காரியம். டில்டனின் பேக்ஹேண்ட் பக்கமே விடாமல் பந்தை அனுப்பினார். டில்டன் அந்தப் பக்கத்தில் ஸ்லைஸ் மட்டுமே வைத்திருந்தார். ஸ்லைஸ் மெதுவாகத் திரும்பி வரும், அதை ஜான்ஸ்டன் பாய்ந்து அடிப்பார். 6-4, 6-4, 6-3. நேர் செட்டில் முடிந்துவிட்டது.

டில்டனுக்கு அப்போது வயது 26. அந்தக் காலத்தில் அது ஒன்றும் இளம் வயதில்லை. அந்த வயதில் ஒருவர் தன் ஆட்டத்தை ஏற்றுக்கொண்டுவிடுவார். இவர் ஏற்றுக்கொள்ளவில்லை. ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடென்ஸ் நகரில் தெரிந்த ஒருவருக்குச் சொந்தமான உள்ளரங்க கோர்ட் இருந்தது. அங்கே போய் அந்தக் குளிர்காலம் முழுக்கத் தங்கி, பேக்ஹேண்டைப் பிரித்துப் போட்டுத் திரும்பக் கட்டினார். வெட்டுகிற அடியை விட்டுவிட்டு, பந்தின் பின்புறத்தில் நேராக, பலமாக அடிக்கிற டிரைவைக் கற்றுக்கொண்டார். 1920 கோடையில் விம்பிள்டனுக்குப் போனார். ஜெரால்ட் பேட்டர்சனிடம் முதல் செட்டை விட்டுவிட்டு அடுத்த மூன்றையும் எடுத்தார். விம்பிள்டன் ஆடவர் ஒற்றையரை வென்ற முதல் அமெரிக்கர் அவர்தான். அப்புறம் ஃபாரஸ்ட் ஹில்ஸில் அமெரிக்க இறுதி ஆட்டம், எதிரே மறுபடியும் ஜான்ஸ்டன். ஐந்து செட். ஆட்டத்தின் நடுவில், மேலே படம் பிடித்துக்கொண்டு பறந்த விமானம் ஒன்று மைதானத்துக்குப் பக்கத்தில் விழுந்து இரண்டு பேர் இறந்துபோனார்கள். ஆட்டம் தொடர்ந்தது. 6-1, 1-6, 7-5, 5-7, 6-3. ஒரு வருஷத்துக்கு முன்னால் ஓட்டையாக இருந்த பக்கம் இப்போது ஓட்டை இல்லை. அந்தப் பட்டத்தை 1925 வரை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை.

பேக்ஹேண்ட் திருத்தத்துக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு தோல்வி, ஒரு காரணம், ஒரு குளிர்காலம், ஒரு விடை. எல்லாருக்கும் இப்படி அமைவதில்லை என்பதுதான் மீதிக் கதை.

அடுத்தவர் டான் பட்ஜ். கலிபோர்னியாவின் ஓக்லண்டில் பிறந்தவர். சின்ன வயசில் டென்னிஸ் மேல் ஆசை இல்லை, பேஸ்பால்தான் உயிர். அண்ணன் லாயிட் இழுத்துக்கொண்டு வந்தார். இதில் ஒரு சின்ன விஷயம் முக்கியம்: வலது கைக்காரரான பட்ஜ், பேஸ்பால் மட்டையை இடது பக்கமாக நின்று சுழற்றுவார். நம்ம ஊர்க் கிரிக்கெட்டில் சொன்னால் சட்டென்று புரியும். வலது கையால் பந்து போடுகிற ஒருவர் இடக்கை பேட்ஸ்மேனாக நிற்பதில்லையா, சவுரவ் கங்குலி மாதிரி? அவர் கவர் டிரைவ் அடிக்கும்போது வழிநடத்துவது மட்டையின் மேல்பிடியில் இருக்கிற வலது கை. அந்தச் சுழற்சியில் இடது கையை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது டென்னிஸ் பேக்ஹேண்ட்தான். பட்ஜுக்கு அந்த அசைவு டென்னிஸுக்கு முன்னாலேயே உடம்பில் இருந்தது. அதனால் அவருக்கு பேக்ஹேண்ட் தற்காப்பாகவே இருந்ததில்லை. எதிராளிகள் வழக்கப்படி அந்தப் பக்கம் பந்தை அனுப்பி மாட்டிக்கொண்டார்கள். 1937 டேவிஸ் கோப்பையில் ஜெர்மனியின் காட்ஃபிரீட் ஃபான் கிராமுக்கு எதிராக ஐந்தாவது செட்டில் 1-4 என்று பின்தங்கி, 8-6 என்று ஜெயித்தார். அடுத்த ஆண்டு, 1938இல், நான்கு பெரிய பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்ற முதல் ஆள் ஆனார்.

பட்ஜ் இடது கையை எடுத்துவிட்டார் என்றேன். எடுக்காமலே விட்டால்? அதே 1930களில் ஆஸ்திரேலியாவில் ஒரு பையன் அப்படித்தான் செய்துகொண்டிருந்தான். விவியன் மெக்ராத். நியூ சவுத் வேல்ஸ் கிராமப்புறத்துப் பிள்ளை. பேக்ஹேண்டை இரண்டு கையாலும் அடித்தான். 1933 ஆஸ்திரேலியச் சாம்பியன்ஷிப்பில், 16 வயதில், விம்பிள்டன், அமெரிக்கா இரண்டு பட்டங்களையும் கையில் வைத்திருந்த எல்ஸ்வொர்த் வைன்ஸைத் தோற்கடித்தான். 1937இல் ஜான் பிராம்விச்சை வென்று சாம்பியனும் ஆனான். பிராம்விச்சும் ஒரு பக்கத்தில் இரண்டு கைக்காரர்தான். ஆக, இரண்டு கை ஜெயிக்கும் என்பதற்கு 1937லேயே சாட்சி இருந்தது. ஆனால் யாரும் அதைப் பின்பற்றவில்லை. அதை ஒரு விநோதமாகவே பார்த்தார்கள். இரண்டு தலைக் கன்றுக்குட்டியை வேடிக்கை பார்ப்பது மாதிரி. என் கணிப்பு, அப்போதைய தரை அதைக் கேட்கவில்லை. தாழ்ந்து வருகிற, தூரமாகப் போகிற பந்துக்கு எட்டிப் பிடிக்கிற கை வேண்டும். இரண்டு கையால் பிடித்தால் எட்டுகிற தூரம் குறையும். நெட்டுக்கு ஓடிவந்து வாலி அடிக்கிற ஆட்டத்தில் அந்த நஷ்டம் பெரிசு.

புல்தரை கேட்டது கென் ரோஸ்வாலைத்தான். சிட்னிக்காரர், அப்பா மளிகைக்கடை வைத்திருந்தவர். பிறவியில் இடது கைப் பிள்ளை. அப்பா வலது கையால் ஆடப் பழக்கினார். இந்த மாற்றத்தின் பலனும் நஷ்டமும் ஆட்டத்தில் அப்படியே தெரியும்: சர்வீஸ் கடைசிவரை சுமார், பேக்ஹேண்ட் உலகத்திலேயே அழகானது. ஸ்லைஸ்தான், ஆனால் கத்தி மாதிரி நேராக, ஆழமாக, தாழ்வாகப் போகும். 1953இல் முதல் கிராண்ட்ஸ்லாம், கடைசி 1972இல். நடுவில் தொழில்முறை ஆட்டக்காரர் என்பதால் பல வருஷம் இந்தப் போட்டிகளில் ஆடவே அனுமதி இல்லை. அப்படி இருந்தும் அந்த நீளம்.

இந்த இடத்தில்தான் 1974 வருகிறது. இந்தக் கட்டுரையை ஒரே வருஷத்தில் நிறுத்து என்றால் நான் இங்கேதான் நிறுத்துவேன்.

1974 விம்பிள்டன். 39 வயது ரோஸ்வால், அரையிறுதியில் ஸ்டான் ஸ்மித்திடம் இரண்டு செட் பின்தங்கி மீண்டு ஜெயித்து, இறுதிக்கு வருகிறார். எதிரே 21 வயது ஜிம்மி கானர்ஸ். அம்மா குளோரியா சொல்லிக்கொடுத்த ஆட்டம்; மெருகேற்றியவர் ஈக்வடாரின் பாஞ்சோ செகுரா, ஃபோர்ஹேண்டையே இரண்டு கையால் அடித்தவர். கானர்ஸ் கையில் எஃகு ராக்கெட், பேக்ஹேண்டில் இரண்டு கை. ரோஸ்வாலின் ஸ்லைஸ் தாழ்வாக வழுக்கி வருகிறது. இருபது வருஷமாக அந்தப் பந்துக்கு எல்லாரும் குனிந்து, தூக்கிக் கொடுத்துத்தான் பதில் சொன்னார்கள். கானர்ஸ் குனிந்து, பந்து எழும்பும்போதே இரண்டு கையாலும் தட்டையாக அறைந்து திருப்பினார். 6-1, 6-1, 6-4. இரண்டு மாதம் கழித்து அமெரிக்க ஓபன் இறுதியில் மறுபடியும் அதே இருவர்: 6-1, 6-0, 6-1. பார்க்கவே சங்கடமாக இருக்கும்.

அதே அமெரிக்க ஓபனில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. சென்னையின் விஜய் அமிர்தராஜ் இரண்டாவது சுற்றில் பியோர்ன் போர்கைத் தோற்கடித்தார். அந்த ஆண்டு பிரெஞ்சு ஓபனை வென்ற 18 வயது போர்க். விஜய் பழைய பள்ளிக்கூடம்: ஒற்றைக் கை, தொட்டு ஆடுகிற ஆட்டம். பிறகு காலிறுதியில் அதே பழைய பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியரான ரோஸ்வாலிடம் தோற்றார். புல்தரையில் நடந்த கடைசி அமெரிக்க ஓபன் அதுதான்.

இப்போது அந்த ஆண்டின் பட்டியலைப் பாருங்கள். ஆஸ்திரேலியா, கானர்ஸ். பிரான்ஸ், போர்க். விம்பிள்டன், கானர்ஸ். அமெரிக்கா, கானர்ஸ். ஆடவர் ஒற்றையரில் நான்கு பட்டங்களும் இரண்டு கை பேக்ஹேண்டுக்குப் போயின. பெண்களில் பிரெஞ்சு ஓபனும் விம்பிள்டனும் கிறிஸ் எவர்ட்டுக்கு. அவரும் இரண்டு கை.

எவர்ட் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல், ஹாலிடே பார்க்கில் அப்பா ஜிம்மி எவர்ட் கோச். அவர் பழைய மரபுக்காரர், மகளுக்கு இரண்டு கையைச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. சின்னப் பெண், மரத்தாலான ராக்கெட்டை ஒரு கையால் தாங்க முடியவில்லை, இன்னொரு கையையும் வைத்துக்கொண்டாள். சரி, பலம் வந்ததும் மாற்றிக்கொள்வாள் என்று அப்பா நினைத்தார். பலம் வந்தது, அவள் மாற்றவில்லை. 18 கிராண்ட்ஸ்லாம். களிமண் தரையில் 1973 முதல் 1979 வரை தொடர்ந்து 125 வெற்றிகள். அந்த இரண்டாவது கையில் திட்டம் எதுவும் இல்லை. ஒரு குழந்தையின் இயலாமைதான் அது. போர்க் வந்தது வேறு வழி: பனி ஹாக்கி ஆடுகிற ஸ்வீடன் பையன், அந்த மட்டையைச் சுழற்றுகிற மாதிரியே ராக்கெட்டையும் சுழற்றினான். மூன்று பேரிடமும் இரண்டு கை வந்துசேர்ந்த பிறகு உலகத்துப் பிள்ளைகள் எல்லாம் அதைப் பார்த்து அடிக்க ஆரம்பித்தார்கள். கோச்சுகள் பின்னால்தான் வந்தார்கள்.

தரையும் மாறியது. அமெரிக்க ஓபன் 1975இல் களிமண்ணுக்கும் 1978இல் கடினத் தரைக்கும் போனது. ஆஸ்திரேலியா 1988இல் புல்லைக் கைவிட்டது. 1976இல் ஹோவர்ட் ஹெட் கொண்டுவந்த பெரிய தலை பிரின்ஸ் ராக்கெட் முதலில் கேலிக்கு ஆளானது. மெல்ல மர ராக்கெட்டே மறைந்துவிட்டது. பெரிய முகம், லேசான எடை, அதனால் வேகமான சுழற்சி, அதனால் டாப்ஸ்பின், அதனால் உயரமாக எழும்பும் பந்து. முன்பு எப்போதாவது தோள் உயரத்துக்கு வந்த பந்து இப்போது நிமிஷத்துக்கு நாலு தடவை வந்தது. அந்தரத்தில் நிற்கிற ஒற்றைக் கைக்கு இது கெட்ட செய்தி. இரண்டாவது கை இருந்தால் அதே பந்து, இடது கையால் அடிக்கிற ஒரு ஃபோர்ஹேண்ட் ஆகிவிடுகிறது. மார்புத் தசை வேலைக்கு வந்துவிடும்.

அப்படியென்றால் ஒற்றைக் கையை எவனாவது தேர்ந்தெடுப்பானா? தேர்ந்தெடுத்தார்கள். இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது.

போன வருஷம் ஒரு நண்பர் போன் பண்ணினார். மகளுக்கு 11 வயசு. “ரெண்டு கையில அடிக்கிறா. எட்டலன்னு சொல்லி கோச் ஒரு கைக்கு மாத்தச் சொல்றாரு. மாத்தலாமா? நீதான் இதையெல்லாம் நோண்டிக்கிட்டு இருக்கியே.” நான் கோச் இல்லை, வாரத்துக்கு ரெண்டு நாள் மூச்சு வாங்க ஆடுகிறவன். ஆனால் அந்தக் கேள்விக்கு ஸ்வீடனில் ஒருவர் இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறார் என்று தெரியும். அதை அவருக்குச் சொன்னேன்.

பெர்சி ரோஸ்பெர்க் என்ற கோச். அவரிடம் வந்த முதல் பையன் போர்க், இரண்டு கை. அதை மாற்றச் சொன்னவர்கள் பலர். ரோஸ்பெர்க் அதைத் தொடவில்லை. சில வருஷம் கழித்து இன்னொரு பையன், ஸ்டீஃபன் எட்பெர்க். அவனும் இரண்டு கை. நாடு முழுக்கப் போர்கைப் பார்த்து எல்லாரும் இரண்டு கைக்கு மாறிக்கொண்டிருந்த நேரம் அது. அந்த நேரத்தில் ரோஸ்பெர்க், ஒரு கைக்கு மாறு என்று எட்பெர்க்கிடம் சொன்னார். ஒருவனுக்கு விடு, ஒருவனுக்கு மாற்று. பேஸ்லைனில் நின்று நாள் முழுக்கத் திருப்பி அடிப்பவன் போர்க். எட்பெர்க்குக்கு நெட்தான் வீடு. ஓடிவரும்போது ராக்கெட் முகத்தை லேசாகத் திறந்து ஸ்லைஸ் போட்டுவிட்டு அதே பிடியில் வாலிக்குப் போகிறவனுக்கு இரண்டாவது கை சுமை. ஒரே கோச், எதிரெதிரான இரண்டு விடை. இரண்டுமே சரி. போர்க் 11 கிராண்ட்ஸ்லாம், எட்பெர்க் 6.

ஆனால் எட்பெர்க்கின் ஆறில் பாரிஸ் இல்லை. 1989 பிரெஞ்சு ஓபன் இறுதியில் இரண்டுக்கு ஒன்று என்று செட் முன்னிலையில் இருந்தார். எதிரே 17 வயது மைக்கேல் சாங், இரண்டு கை. 6-1, 3-6, 4-6, 6-4, 6-2 என்று சாங் ஜெயித்தார். எட்பெர்க் அதற்கப்புறம் அங்கே இறுதிக்கு வரவே இல்லை.

கலிபோர்னியாவில் ஜூனியர் போட்டிகளில் இந்தச் சாங்கிடம் அடிவாங்கிக்கொண்டிருந்த இன்னொரு பையன் பீட் சாம்ப்ராஸ். இரண்டு கை பேக்ஹேண்டோடு நன்றாக ஜெயித்துக்கொண்டிருந்தவன்தான். அவனுக்கு வழிகாட்டிய பீட் ஃபிஷர் தொழிலில் மருத்துவர். ராட் லேவரின் பழைய படச்சுருள்களைப் போட்டுக் காட்டி, விம்பிள்டன் ஜெயிக்க வேண்டுமானால் ஒரு கைதான் என்று முடிவு பண்ணினார். பையனுக்கு வயது 14. அந்த வயசில் ஜூனியர் தரவரிசை ஒரு பையனுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். மாற்றிய பிறகு, முன்பு யாரையெல்லாம் ஜெயித்தானோ அவர்களிடமெல்லாம் தோற்றான். பயிற்சி செய்யச் செய்ய மோசமாகிறது என்று வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குத் தோணும். 1990 அமெரிக்க ஓபன். 19 வயதில் லெண்டில், மெக்கன்ரோ, அகாசி மூவரையும் தோற்கடித்துச் சாம்பியன். அப்புறம் விம்பிள்டன் ஏழு முறை. ஃபிஷரின் கணக்கு அச்சு அசலாக வந்தது.

அந்தக் கணக்கில் பாரிஸ் இல்லை. 14 கிராண்ட்ஸ்லாம் வென்ற சாம்ப்ராஸ், பிரெஞ்சு ஓபனில் 1996 அரையிறுதியைத் தாண்டவில்லை. களிமண்ணில் பந்து எழும்பி எழும்பித் தோளுக்கு வருகிறது. 14 வயதில் எடுத்த முடிவுக்குப் பில் 24 வயதில் வருகிறது. அது தப்பான முடிவா? இல்லவே இல்லை. ஏழு விம்பிள்டனை யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் புல்லுக்காக வெட்டிய சாவி களிமண் பூட்டுக்குப் பொருந்தவில்லை.

நண்பரிடம் கடைசியாகக் கேட்டது ஒன்றுதான்: “ரெண்டு வருஷம் அவ தோத்துக்கிட்டே இருப்பா. அத உன்னால பாத்துக்கிட்டு இருக்க முடியுமா? அவளால முடியுமா?” கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், எந்தப் பந்துக்குத் தோற்கிறாள் என்று முதலில் ஒரு மாசம் எழுதி வைக்கச் சொன்னேன். அவர் எழுதினார். பாதிக்கு மேல், எட்டாமல் போன பந்துகள் இல்லையாம். கால் நேரத்துக்குப் போய்ச் சேராத பந்துகள். கை விஷயம் அப்படியே நிற்கிறது, இப்போது கயிறு தாண்டுகிறாள்.

வயசான பிறகும் திருத்தலாம் என்பதற்கு டில்டனுக்கு அடுத்து எனக்குத் தெரிந்த பெரிய உதாரணம் ரோஜர் ஃபெடரர். அவருடைய பந்து எது என்று டென்னிஸ் பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். ரஃபேல் நடால் இடது கையால் அடிக்கிற டாப்ஸ்பின் ஃபோர்ஹேண்ட், குறுக்கே வந்து, ஃபெடரரின் பேக்ஹேண்ட் தோளுக்கு மேல் எழும்பும் பந்து. நடால் இயல்பில் வலது கைக்காரர் என்பது இதில் இன்னொரு வேடிக்கை. ரோஸ்வாலின் கதை திருப்பிப் போடப்பட்டது மாதிரி. 2008 பிரெஞ்சு ஓபன் இறுதியில் 6-1, 6-3, 6-0. ஃபெடரர் அந்தப் பந்தை ஸ்லைஸ் செய்வார், அது நின்று வரும், நடால் மறுபடி அதே இடத்துக்கு அனுப்புவார். ஜான்ஸ்டன் 1919இல் செய்த அதே காரியம், உயரம் மட்டும் வேறு. 2016 முடிவில் நேர் மோதல் கணக்கு 23-11, நடால் பக்கம்.

ஃபெடரர் செய்தது மூன்று விஷயம். 90 சதுர அங்குல ராக்கெட்டை விட்டுவிட்டு 2014இல் 97க்கு மாறினார். அந்த இரண்டு வருஷம் அவருக்குக் கோச்சாக இருந்தவர் எட்பெர்க். 2016இல் இவான் லூபிசிச் சேர்ந்தார், இவரும் ஒற்றைக் கை பேக்ஹேண்டுக்குப் பேர்போனவர். பிறகு முழங்கால் காரணமாக ஆறு மாசம் ஆடாமல் இருந்தார். 2017 ஜனவரியில் மெல்போர்னுக்குத் திரும்பி வந்தபோது வயது 35. நடாலுக்கு எதிரான இறுதியை மறுபடி மறுபடி பார்த்தேன். கையசைவு பெரிதாக மாறவில்லை; மாறியது நிற்கிற இடம். பந்து தோளுக்கு எழும்பும்வரை காத்திருக்காமல், கோட்டை ஒட்டி நின்று, எழும்பத் தொடங்கும்போதே அடித்துவிடுகிறார். ஸ்லைஸ் குறைவு. உயரமான பந்தைத் திருப்பி அடிக்கக் கற்றுக்கொள்ளவில்லை, உயரமான பந்து என்ற ஒன்றே இல்லாமல் செய்துவிட்டார். ஐந்தாவது செட்டில் 1-3. அங்கிருந்து தொடர்ந்து ஐந்து கேம். 6-4, 3-6, 6-1, 3-6, 6-3. அந்த ஆண்டு அதன் பிறகு இந்தியன் வெல்ஸ், மயாமி, ஷாங்காய், மூன்றிலும் நடாலை ஜெயித்தார்.

இப்படி ஜெயித்தவரைப் பார்த்துப் பிள்ளைகள் ஒற்றைக் கைக்குத் திரும்பினார்களா என்றால், இல்லை. பெண்களில் ஜஸ்டின் எனான் ஏழு கிராண்ட்ஸ்லாம் எடுத்தார், 2010இல் பிரான்செஸ்கா ஸ்கியவோனே பாரிஸில் ஜெயித்தார். அதற்கப்புறம் ஒற்றைக் கைப் பெண் யாரும் பெரிய பட்டம் வாங்கவில்லை. 2024 பிப்ரவரியில் ஆண்கள் தரவரிசையின் முதல் பத்தில் ஒற்றைக் கைக்காரர் ஒருவர்கூட இல்லாமல் போனார். 1973இல் அந்தத் தரவரிசை தொடங்கியதிலிருந்து அதுவே முதல் முறை. சில வாரங்களில் கிரிகோர் டிமிட்ரோவ் உள்ளே வந்தார், பின்னால் லொரென்சோ முசெட்டி வந்தார். ஆகவே இரங்கற்பா எழுத வேண்டியதில்லை.

இந்த வரிசையில் கடைசியாக மாற்றப்பட்ட ஒரு பையனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரியாவின் டொமினிக் தீம். 11, 12 வயதுவாக்கில் இரண்டு கையிலிருந்து ஒரு கைக்கு அவரை மாற்றியவர் கோச் குந்தர் பிரெஸ்னிக். வழக்கம்போலக் கொஞ்ச காலம் தோல்விகள். ஆனால் சாம்ப்ராஸையும் எட்பெர்க்கையும் மாற்றியது புல்லையும் நெட்டையும் மனதில் வைத்து. தீம் வளர்ந்து ஆடியது நேரெதிர் ஆட்டம்: பேஸ்லைனுக்கு வெகு பின்னால் நின்று, பந்து எழும்பி இறங்கும்வரை காத்திருந்து, முழு உடம்பையும் சுழற்றி அடிப்பார். ஒற்றைக் கைக்கு ஆகாது என்று எல்லாரும் சொன்ன களிமண்ணில்தான் அவர் பலம். 2018, 2019 இரண்டு ஆண்டும் பிரெஞ்சு ஓபன் இறுதிக்கு வந்து, இரண்டு முறையும் நடாலிடம் தோற்றார். 2020 அமெரிக்க ஓபன் இறுதியில் ஸ்வெரெவிடம் முதல் இரண்டு செட்டையும் இழந்து, ஐந்தாவது செட்டை டைபிரேக்கில் எடுத்தார். அடுத்த ஆண்டு மணிக்கட்டில் காயம், பழைய வேகம் திரும்பவே இல்லை, 2024இல் ஓய்வு. அந்த 2020 பட்டத்துக்குப் பிறகு 2025 முடிய, ஒற்றைக் கை பேக்ஹேண்டோடு எந்த ஆணும் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் ஜெயிக்கவில்லை.